எரிந்த காருக்கு வரி

பழைய கார் வாங்கப்போகிறவன் வீட்டில் பெண்டாட்டியிடம் கேட்பானோ மாட்டானோ, ஐயாத்துரையிடம் கேட்காமல் வாங்கமாட்டான் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே ஜார்ஜ் டவுனில் ஒரு பேச்சு உண்டு. வாகனப் பதிவு அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக அவன் கிராணி என்கிற குமாஸ்தா. நம்பரைச் சொன்னால் போதும். மேசை அகலத்துக்கு இருக்கும் பதிவேட்டைத் திறந்து, கார் எந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கியது, யார் யாரிடம் கை மாறியது, பரிசோதகர் கடைசியாக எப்போது பார்த்தார், பிரேக்கைப் பற்றி என்ன எழுதினார், சாலை வரி எந்த மாதம் வரைக்கும் கட்டியிருக்கிறது என்று கடகடவென்று வாசித்துவிடுவான். விற்கிறவன் கூடப் பழகியவனாக இருந்தாலும் சரி, கோயில் கமிட்டித் தலைவராக இருந்தாலும் சரி, ஒன்றையும் மறைக்கமாட்டான்.

ஒரே ஒரு முறை மறைத்தான். ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த ஒன்று கவுண்டருக்கு வெளியே வந்து நின்றது.

வந்தவர் சீனி முகம்மது. சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். கடையில் சோறு என்று ஒன்று இருந்த காலத்தில் அந்தக் கடைக்கு முன்னால் மத்தியானத்தில் நிற்க இடம் கிடைக்காது. இப்போது அரிசியும் இல்லை, கூட்டமும் இல்லை. அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் போய் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து அவித்துப் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பெட்ரோலுக்குப் பதிலாகப் பின்னால் கரி அடுப்பு மாட்டி அந்தப் புகையில் ஓட்டுகிறாற்போல ஒரு சின்னக் கார் கிடைத்தால் தேவலை என்று தேடிக்கொண்டிருந்தார். யுத்தத்துக்கு முன்னால் ஒரு தடவை விசாரிக்காமல் வாங்கி, முன் சொந்தக்காரன் கட்டாமல் விட்ட இரண்டு வருஷ வரியையும் சேர்த்துக் கட்டி அழுதவர். அன்றிலிருந்து ஆடு வாங்கினால்கூட அதன் பல்லை இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஆள்.

"கிராணி ஐயா, ஒரு நம்பர் பாத்துச் சொல்லணும்லா."

"சொல்லுங்கோ நானா."

"பி மூணு ஒண்ணு ஏழு ரெண்டு. சின்ன மோரிஸ். கெலுகோர்ல ஒரு பெரிய கிராணி வச்சிருக்காரு, விநாசித்தம்பின்னு. உங்க ஊர்க்காரருதான். கெரெத்தா புதுசு கணக்கா இருக்கு. 'எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, ஆபீசுல போயி கேளுங்க, எல்லாம் அங்க எழுதியிருக்கு'ன்னு அவரே அனுப்பி வச்சாரு. இந்தக் காலத்துல அப்படிச் சொல்ற மனுஷன் யாரு இருக்கா?"

ஐயாத்துரையின் கை பதிவேட்டுக்குப் போகவில்லை. விநாசித்தம்பி அவனுடைய அக்கா புருஷன். அந்தக் காரின் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே அவன் கையெழுத்தில் ஒரு வாசகம்: '1941 டிசம்பர் 11, விமானக் குண்டுவீச்சில் எரிந்து முற்றாக அழிந்தது.'

அந்தக் கார் ஒரு தீக்குச்சி நெருப்பைக்கூடப் பார்த்ததில்லை.

புதிய துரைகள் வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஊரில் உள்ள கார்கள் அத்தனைக்கும் மூன்று நாளில் பட்டியல் கேட்டது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிப்பாய்கள் வீடு வீடாகப் போனார்கள். சாவியைக் கொடுத்தவன் காரை இழந்தான். சக்கரத்தைக் கழற்றி ஒளித்தவன் காரையும் இழந்து பல்லையும் இழந்தான். குண்டு விழுந்த அந்த நாளில் உண்மையாகவே எரிந்துபோன கார்கள் தெருத்தெருவாகக் கிடந்தன. அவற்றை எல்லாம் சிவப்புக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தபோது ஐயாத்துரை அந்த மோரிஸையும் சேர்த்து வெட்டிவிட்டான். அக்கா யோகம்மாவுக்கு மூச்சிழுப்பு. இழுப்பு வந்துவிட்டால் கெலுகோரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தக் காரை விட்டால் வேறு வழி கிடையாது. பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்த அவனைச் சோறு போட்டுப் படிக்கவைத்த அக்காவுக்கு, அவன் தன் வேலையில் செய்த ஒரே களவு அது.

அத்தானிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நாளே கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, "பதிவிலே ஒரு பிழை இருக்கிறது, திருத்துங்கள்" என்று நின்றிருப்பார். கருவூலத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பிழைக்கத் தெரியாத பிறவி. சிப்பாய்கள் வருவார்கள் என்று சாவியைத் தட்டில் வைத்துக் காத்திருந்தார். வரவில்லை. சின்னக் கார், அவர்களுக்கு வேண்டாம்போல என்று எண்ணிக்கொண்டார். பெட்ரோல் எங்கும் இல்லாததால் காரைக் கொட்டகையில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, தினம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் ஐயாத்துரைக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதைச் சீனி முகம்மது சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"வரி சுத்தமா இருக்கு ஐயா. வர்ற வழியில வரி ஆபீசுல கமால்கிட்ட கேட்டுச் சீட்டு வாங்கிட்டேன். பரிசோதனை எப்ப நடந்துச்சுன்னு மட்டும் நீங்க பாத்துச் சொன்னா போதும்."

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து வரி வாங்குவது வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே வாங்குகிறவன் இங்கே பதிவைப் பார்ப்பதில்லை. பணம் வந்தால் முத்திரை குத்துவான். ஐயாத்துரை சீட்டைப் பார்த்தான். ஜப்பான்காரன் கணக்கில் 1942-க்குப் பெயர் 2602. சீட்டில் 2602 ஜனவரி, 2602 ஜூலை, 2603 ஜனவரி. மூன்று அரையாண்டும் தவணை தப்பாமல் கட்டியிருக்கிறது. 2603 ஜூன் வரைக்கும் பாக்கி இல்லை. எரிந்து சாம்பலான ஒரு கார், செத்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து வரி கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

"நானா, இந்தச் சீட்டை வேறை ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"மேல காட்டிட்டேனே. பெர்மிட் இல்லாம ஓட்ட முடியாதுல்ல? மனு எழுதி, நம்பரும் போட்டு, மாடியில குடுத்துட்டுத்தான் உங்ககிட்ட வர்றேன். துவான் பதிவோட ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன்னாரு. புதன்கிழமை காலையில சொந்தக்காரரையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு." சீனி முகம்மது அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "என்ன ஐயா, இப்படி வேர்க்குது? கெரெத்தாவுல ஏதும் கோளாறா?"

"கார் நல்ல கார்தான் நானா" என்றான் ஐயாத்துரை. பதிவேட்டைத் திறக்காமல் அவன் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாடியில் இருக்கும் ஜப்பான் அதிகாரியிடம், வெட்டப்பட்ட கார்களின் பட்டியல் தட்டச்சுப் பிரதியாக ஒன்று உண்டு. அதனால் பதிவேட்டில் பக்கத்தைக் கிழிப்பதும் ஒன்றுதான், கழுத்தை நீட்டுவதும் ஒன்றுதான். போன மாதம் அரிசிப் பதிவில் இல்லாத ஒரு பெயரைக் கூட்டி எழுதிய கிராணி ஒருவரை இராணுவப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய சட்டைதான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஐயாத்துரைக்கு மனைவி கனகேஸ்வரியும் மூன்று பிள்ளைகளும். கடைசிக்கு இரண்டு வயது.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கெலுகோருக்குச் சைக்கிளை மிதித்தான். டயருக்குப் பதிலாகச் சுற்றியிருந்த தோட்டத்து ரப்பர்க் குழாய் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது. காவல் சாவடியில் இறங்கி, குனிந்து கும்பிட்டு, மறுபடி ஏறினான். குனிந்தபோது நிமிர மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டான். சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

விநாசித்தம்பி கொட்டகையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவனுக்கு அழுக்குக் காரைக் கொடுக்கக்கூடாது அல்லவா.

"வா ஐயாத்துரை. சீனி முகம்மது வந்தவரோ? எல்லாம் வாசிச்சுக் காட்டினனியோ?"

"அத்தான், இந்தக் காருக்கு நீங்கள் எப்ப வரி கட்டினனீங்கள்?"

"எப்ப கட்டவேணுமோ அப்ப. ஏன், பாக்கி ஏதும் நிக்குதோ?"

"ஆர் உங்களைக் கட்டச் சொன்னது?"

"இதென்ன கேள்வி? கார் இருந்தால் வரி கட்டத்தானே வேணும்."

"ஓடாத காருக்கோ?"

"ஓடாட்டில், ஓடேல்லை எண்டு எழுதிக் குடுத்து நம்பரைத் திருப்பிக் குடுக்கவேணும். நான் குடுக்கேல்லை. அப்ப கட்டத்தான் வேணும். உனக்குத் தெரியாத சட்டமோ?"

ஐயாத்துரை கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடியும்வரை விநாசித்தம்பி கையில் துணியோடு அசையாமல் நின்றார்.

"எரிஞ்சு போச்செண்டு எழுதினனியோ?"

"ஓம்."

"என்ரை காரை?"

"ஓம் அத்தான்."

"அப்ப நான் ஒரு வருஷத்துக்கு மேலை எரிஞ்ச காருக்கு வரி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அன்று வீட்டுக்குள்ளிருந்து யோகம்மாவின் இருமல் கேட்டது. பிறகு நெஞ்சுக்குள் காற்று நுழைய முடியாமல் விசில் அடிக்கிற சத்தம். இரண்டு பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

"உன்ரை அம்மா எனக்கு இவளைத் தரேக்கை கவனமாப் பாக்கச் சொன்னவ" என்றார் விநாசித்தம்பி. "கார் நிக்குது, ஏத்திக்கொண்டு போகப் பெட்ரோல் இல்லை. டவுனிலை ஒருத்தன் ஊசி மருந்து ஒளிச்சு வைச்சிருக்கிறான். தங்கம் விக்கிற விலை. காரை வித்தாலாவது மருந்து வருமெண்டு பாத்தன்."

"இண்டைக்கே இதை எரிச்சுப்போடுவம் அத்தான். வரி பிழையாக் கட்டினதெண்டு சொல்லுவம்."

"நேற்று சீனி முகம்மது இதிலை ஏறி இருந்து ஹார்ன் அடிச்சுப் பாத்தவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால்? பொய் சொன்னால் அவருக்கு அடி. உண்மை சொன்னால் உனக்கு. அந்த மனுசன் எங்களுக்கு என்ன பாவம் செய்தவர்?"

விநாசித்தம்பி துணியை நான்காக மடித்துக் காரின் முன்மூடியில் வைத்தார். பிறகு, பழைய மேலதிகாரியின் முகத்தோடு திரும்பினார்.

"சொந்தக்காரன்ரை கடிதம் எங்கை?"

"என்ன கடிதம்?"

"கார் அழிஞ்சால் சொந்தக்காரன் எழுதிக் குடுக்கவேணும். அதை வைச்சுத்தானே நீங்கள் பதிவிலை வெட்டுறது. கடிதம் இல்லாமலோ வெட்டினனி? பதினெட்டு வருஷமா அங்கை என்ன வேலை பாத்தனி நீ?"

உண்மையாகவே கோபப்பட்டார். உயிர் போகிற விஷயத்தில் எழாத கோபம் கோப்பில் கடிதம் இல்லாததற்கு வந்தது. ஐயாத்துரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவர் அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் மேசையில் உட்கார்ந்து, அலமாரியின் அடியிலிருந்து யுத்தத்துக்கு முந்திய தாள் ஒன்றை எடுத்தார். கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவருக்குக் கள்ளக் கடிதம் எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மைக்கூட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு மையை மங்கவைத்தார். தேதி போடும் இடத்தில் கொஞ்சம் யோசித்தார். கார்களைப் பதிவில் வெட்டிய அந்த ஜனவரியில் ஊர்ச்சனம் இன்னும் 2602 என்று எழுதப் பழகவில்லை. ஆகவே 1942 என்றே போட்டார். என்னுடைய கார் குண்டுவீச்சில் எரிந்து முற்றாக அழிந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று அச்சுக் குத்தியது போன்ற ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். வைத்த கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தபடி இருந்தார்.

"நான் எழுதித் தந்தனான். நீ நம்பினனி. அவ்வளவுதான் கதை."

"வேண்டாம் அத்தான்."

"உனக்கு மூண்டு பிள்ளையள். எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. எனக்கு அறுபத்திரண்டு வயசு. வயசு போனவனிலை கை வைக்க அவங்களுக்கும் கூசும்."

அப்படி யாருக்கும் கூசியதாக ஊரில் ஒரு கதையும் இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஐயாத்துரை வேண்டாம் என்று ஒரு முறை சொன்னான். இரண்டாம் முறை சொல்லவில்லை. பிற்பாடு தன் ஆயுள் முழுக்க அதை நினைத்து நினைத்துக் குமைந்தான். அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்குக் கை இருந்தது, நேரமும் இருந்தது. அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"உன்ரை அக்காவுக்கு இது தெரியவேண்டாம்" என்றார் விநாசித்தம்பி. அறைக்குள் இருமல் நின்று வெகு நேரமாகியிருந்தது. யோகம்மா தூங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார்கள்.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் ஐயாத்துரை கடிதத்தில் ஊசியால் துளை போட்டு, கோப்பில் இருக்கவேண்டிய இடத்தில் நூலில் கோத்தான். கோத்த பிறகு அது எப்போதும் அங்கேயே இருந்ததுபோல இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

புதன்கிழமை காலை அதிகாரி பதிவேட்டோடு அவனை மாடிக்குக் கூப்பிட்டான். வராந்தாப் பெஞ்சில் சீனி முகம்மது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விநாசித்தம்பி நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு, மினுக்கிய சப்பாத்து. வேலைக்குப் போன காலத்தில் மாதாந்தக் கணக்கு ஒப்படைக்கும் நாளில் அவர் அப்படித்தான் போவார். ஐயாத்துரையைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மேசைமேல் எல்லாம் ஏற்கனவே வரிசையாக இருந்தன. தட்டச்சுப் பட்டியல், வரிச் சீட்டு, பெர்மிட் மனு. கமாலைக் காலையிலேயே கூப்பிட்டு விசாரித்தாயிற்று. கட்ட வந்தார், வாங்கினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான். ஐயாத்துரை பதிவேட்டையும் கோப்பையும் கொண்டுபோய் வைத்தான். தைவான்காரன் ஒருவன் அதிகாரியின் பேச்சை மலாயில் திருப்பிச் சொன்னான்.

எரிந்தது என்று எழுதியது யார்? நான்தான் துவான். எதை வைத்து எழுதினாய்? சொந்தக்காரர் தந்த கடிதத்தை வைத்து. அதிகாரி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். பிறகு கடிதத்தை விநாசித்தம்பியின் பக்கம் நீட்டியபடி ஐயாத்துரையைக் கேட்டான்.

"இதைக் கொண்டுவந்து உன் கையில் தந்தது இந்த ஆள்தானா?"

ஐயாத்துரை அத்தானைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கண்ணைப் பார்த்தால் பையனுக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"யா, துவான்" என்றான் ஐயாத்துரை.

அதிகாரி இப்போது விநாசித்தம்பியிடம் திரும்பினான். கடிதம் தன்னுடையதுதான், தானே கொண்டுவந்து தந்ததுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். அதிகாரிக்கு விளங்காதது ஒன்றே ஒன்று. கார் எரிந்துவிட்டது என்று பொய் சொல்லி ஒளித்தவன், எதற்காக அதே காருக்கு வரி கட்டுவான்? ஒளித்தவன் ஒளிந்துகொண்டல்லவா இருக்கவேண்டும்? இதற்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஐயாத்துரையை ஒரு பார்வை பார்த்தான்.

பயத்தினால் கட்டினேன் என்றோ, வயசாகிவிட்டது மறந்து கட்டினேன் என்றோ விநாசித்தம்பி எதையாவது சொல்லியிருக்கலாம். அவரால் அன்றைக்கு ஒரு பொய்க்கு மேல் முடியவில்லை.

"கார் இருந்தது, துவான். இருக்கிற காருக்கு வரி கட்டாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை" என்றார்.

தைவான்காரன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். அவர் அதையே இன்னொரு முறை சொன்னார். அதிகாரி முதலில் சிரித்தான். பிறகு எழுந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி சுவரோரம் போய் விழுந்தது. இராணுவத்தின் காரைத் திருடிவிட்டு, சில்லறையை வீசி இராணுவத்தைக் கேலி செய்த கிழவன் என்று கத்தினான். அந்த அறையில் அன்று எத்தனையோ பொய்கள் சொல்லப்பட்டன. அவன் நம்பாமல் போனது அந்த ஒரே ஒரு உண்மையைத்தான்.

இரண்டு சிப்பாய்கள் வந்து விநாசித்தம்பியைக் கீழே கொண்டுபோனார்கள். கண்ணாடி இல்லாததால் படியில் ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி இறங்கினார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அதிகாரி ஐயாத்துரையிடம் பேனாவைக் கொடுத்து, பதிவைத் திருத்தச் சொன்னான். தன் சொந்தக் கையெழுத்துக்குக் கீழே ஐயாத்துரை எழுதினான்: 'மேற்கண்ட பதிவு பிழையானது. சொந்தக்காரர் பொய்த் தகவல் கொடுத்து அலுவலகத்தை ஏமாற்றினார்.' எழுத்து வழக்கம்போல அழகாக விழுந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வராந்தாவில் சீனி முகம்மது அவனை மறித்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதா, பாதி விளங்கியதா, தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

"அவரு உங்க மச்சினராமே, கமால் இப்பத்தான் சொன்னான். எனக்குத் தெரியாது ஐயா, அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது. விசாரிக்காம வாங்கியிருந்தா இந்தப் பாவம் வந்திருக்குமா?" என்றார்.

"நீங்கள் செய்தது பிழையில்லை நானா" என்று சொல்லிவிட்டு ஐயாத்துரை படியிறங்கினான்.

கெலுகோருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகை காலி. மரக்கட்டைகள் இரண்டு பக்கமும் புரண்டு கிடந்தன. காரை இழுத்துக்கொண்டு போன தடம் வாசல்வரைக்கும் மண்ணைக் கிழித்திருந்தது. வழி நெடுக அக்காவிடம் சொல்ல அவன் பல வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தான். வாசல் படலையைத் திறந்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

யோகம்மா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அத்தானை..."

"தெரியும். காரை எடுக்க வந்தவங்களைக் கண்டனான்."

"என்னைக் கேட்டவங்கள் அக்கா. கடிதம் தந்தது இவர்தானோ எண்டு கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓமெண்டு சொன்னன்." கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து, நாற்பது வயது மனிதன், சின்னப் பிள்ளையைப்போல விம்மி விம்மி அழுதான். அக்கா சபிப்பாள் என்று காத்திருந்தான். சபித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்பிடித்தான் சொல்லியிருக்கவேணும்" என்றாள் யோகம்மா. மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் நிறுத்தினாள். "நீங்கள் ரெண்டு பேரும் கடிதம் எழுதேக்கை நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான்."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"நேற்று முழுக்க அவர் ஒண்டும் சாப்பிடேல்லை. இண்டைக்கு விடிய எழும்பிக் கோட்டைப் போட்டார். பிறகு கழட்டினார். 'யோகம், என்னாலை ஏலாது' எண்டார். 'அடிக்குப் பயமில்லை. ஒரு அதிகாரிக்கு முன்னாலை போய் நிண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிப்போடுவன், ஐயாத்துரை செத்துப்போவான்' எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையிலை இருந்திட்டார்."

வெளியே யாரோ தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். யோகம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"நான்தான் கட்டிலாலை இறங்கிப் போனன். நான்தான் அவருக்கு அந்தக் கோட்டைப் போட்டு, கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டி விட்டன். முப்பத்தைஞ்சு வருஷத்திலை உங்களிட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை, என்ரை தம்பிக்காக ஒரே ஒரு பொய் சொல்லுங்கோ எண்டு கேட்டன். சரியெண்டு போனவர்."

ஐயாத்துரை எட்டி அக்காவின் கையைப் பிடித்தான். பச்சைத் தண்ணீரில் வைத்து எடுத்ததுபோலக் குளிர்ந்திருந்தது.

"அத்தான் வந்திடுவார் அக்கா. விசாரிச்சுப்போட்டு ரெண்டு நாளிலை விட்டிடுவாங்கள். வயசு போன மனுசனை வைச்சு அவங்கள் என்ன செய்யிறது?"

யோகம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஐயாத்துரை" என்றாள். "இனிப் பொய் போதும்."